நாங்கள் பெடியன்களாக இருந்த கோடை

எங்கள் வயதுக்காரர் நாலு பேர் எங்கே கூடினாலும் கதை கடைசியில் பிள்ளைகளில் வந்து நிற்கிறது. போன மாதம் ரொறன்ரோவுக்குக் கிட்ட அஜக்ஸில் ஒரு புதுவீட்டுக் குடிபூரலுக்குப் போயிருந்தேன். சாப்பாட்டுத் தட்டோடு சமையலறையில் நின்ற பெண்களில் ஒருத்தி, தன் மகளின் வகுப்பில் படிக்கும் ஒரு பெண்பிள்ளை தன்னைப் பெடியன் என்று சொல்லத் தொடங்கியிருப்பதாகச் சொன்னாள். "உதெல்லாம் ஒண்டைப் பாத்து ஒண்டு பழகிறதுகள்," என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டியிருப்பேன். அவள் சொன்னதில் பாதி உண்மைதானே. நானே அப்படிப் பார்த்துப் பழகியவள். ஒரு கோடை முழுவதும் பெடியனாக இருந்தவள். மற்றப் பாதியை அந்தச் சமையலறையில் சொல்ல இடம் கிடைக்கவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்.

உங்களில் சிலராவது சென் ஜேம்ஸ் ரவுணில் இருந்திருப்பீர்கள். அந்த மாடிக் கட்டடங்களின் நடைவழி வாசனை ஞாபகமிருக்கிறதா? ஒரு கதவுக்குப் பின்னால் மீன் பொரியும். அடுத்த கதவுக்குப் பின்னால் எந்த நாட்டுக் கறியோ கொதிக்கும். இடையில் தரை துடைத்த மருந்தின் காரம் மூக்கில் ஏறும். எலிவேற்றர் பழுதான நாட்களில் அரிசி மூட்டையோடு படியேறுகிறவர்கள் மாடிக்கு மாடி நின்று இளைப்பாறுவார்கள். பல்கனியில் புறா வராமல் பச்சை வலை கட்டியிருக்கும். அதற்குள் நின்று பார்த்தால் ரொறன்ரோ முழுவதும் சின்னச் சின்னச் சதுரங்களாகத் தெரியும். நான் அந்த வலையைப் பிடித்துக்கொண்டுதான் வளர்ந்தேன்.

நாங்கள் மூன்று பேர். அம்மாவின் அண்ணர் மகள், என் மச்சாள், சில மாடிகள் மேலே இருந்தாள். என்னைவிட ஒரு வயது மூத்தவள், எதற்கும் அஞ்சாதவள், குரலோ நடைவழியின் இந்த முனையில் இருந்து அந்த முனைக்குக் கேட்கும். எனக்கு அப்போது பதின்மூன்று. மூன்றாவது ஆள் எங்கள் வீட்டுக்கு நேர் எதிர்க்கதவில் இருந்த பிள்ளை. வயது பன்னிரண்டு இருக்கும். தகப்பன் இல்லை, ஊரிலேயே போய்விட்டார் என்பதற்கு மேல் எங்களுக்கு ஒன்றும் சொல்லப்படவில்லை. தாய் ஒரு ஹொட்டலில் அறைகள் துப்புரவாக்கும் வேலை. எங்களுக்கு அவர் எதிர்க்கதவு அன்ரி. பிள்ளை பேச்சுக் குறைவு. நாங்கள் எங்கே போனாலும் பின்னால் வரும், கூட்டத்தில் கடைசியாக நடக்கும்.

அந்தப் பிள்ளையை இன்று நான் 'அவன்' என்றுதான் எழுத முடியும். அன்று எங்கள் எல்லோருக்கும் அவன் 'அவள்'தான். அவனை உள்ளபடி பார்த்தவர் எங்களில் ஒருவரும் இல்லை. கூட விளையாடிய எங்களுக்கும் தெரியவில்லை.

எல்லாம் கிரிக்கெட்டில் தொடங்கியது. கட்டடத்துக்குப் பின்னால் கார் நிறுத்தும் இடத்தில் தமிழ்ப் பெடியன்கள் ரெனிஸ் பந்தில் கறுப்பு ரேப் சுற்றி விளையாடுவார்கள். மச்சாள் போய் எங்களையும் சேர்க்கச் சொன்னாள். பெட்டைகளுக்கு இடமில்லை என்றார்கள். அவள் திரும்பி வந்து படிக்கட்டில் எங்களுக்கு நடுவில் அமர்ந்து கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"அப்ப நாங்கள் பெடியளாப் போவம்," என்றாள்.

அவளுடைய தமையனின் பழைய உடுப்புகள் ஒரு கறுப்புப் பையில் கட்டிலுக்கு அடியில் கிடந்தன. அரைக்குக் கீழே வழுகி விழுகிற காற்சட்டைகள், முழங்கால் வரை தொங்கும் சேர்ட்டுகள், முன்விளிம்பு வளைந்த தொப்பிகள். கயிற்றால் இறுக்கிக் கட்டிக்கொண்டோம். நடை எப்படி, நிற்பது எப்படி, துப்புவது எப்படி என்று மச்சாள் நடைவழியில் வைத்து எங்களுக்குப் பழக்கினாள். என் துப்பல் என் சேர்ட்டிலேயே விழுந்தது. எதிர்க்கதவுப் பிள்ளையின் முறை வந்தது. பிள்ளை தொப்பியைப் போட்டுக்கொண்டு அந்த முனைவரை போய்த் திரும்பி வந்தது. அவ்வளவுதான்.

மச்சாள் பிள்ளையை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு, "நீ நல்லாச் செய்யிறாய். எங்க பழகினனி?" என்று கேட்டாள்.

"பழகேல்லை."

ஆளுக்கொரு பெடியன் பெயரும் மச்சாள் வைத்தாள். எனக்கு வைத்தது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஆனால் அவள் வைத்ததை மறுத்துப் பேச என்னால் முடியாது. பிள்ளைக்கு ஒரு பெயர் சொன்னாள். அது தலையை அசைத்து மறுத்தது.

"எனக்கு ஒரு பேர் இருக்கு," என்றது.

"ஆர் வைச்சது?"

"நான்தான். சின்னன்ல."

அந்தப் பெயரைச் சொன்னது. நான் அதை இங்கே எழுதப்போவதில்லை; அது அவனுடையது. அதைச் சொன்ன குரல் மட்டும் இன்னும் என் காதில் இருக்கிறது. எந்நேரமும் சேர்ட்டுக் கழுத்துக்குள் கதைக்கிற பிள்ளை, அந்தப் பெயரைத் தெளிவாக, எழுத்து எழுத்தாகச் சொன்னது. எங்களோடு இவ்வளவு நாள் திரிந்த ஒருவரிடம் எங்களுக்குத் தெரியாத ஒரு பெயர் இருந்திருக்கிறது என்பதே எனக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது.

தலைமயிர் வெட்டியது லோண்றி அறையில். உடுப்புத் துவைக்கும் இயந்திரங்கள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன. அங்கே எந்தக் காலத்திலும் ஒரே வெக்கை, ஒரே சவர்க்கார வாசனை. மச்சாள் வீட்டுச் சமையலறைக் கத்தரிக்கோலை இடுப்பில் செருகிக் கொண்டுவந்திருந்தாள். முதலில் தன்னுடையதைத் தானே வெட்டினாள், சிரித்துக்கொண்டு. அடுத்தது நான். பின்னல் கையில் வந்தபோது எனக்கு அழுகை முட்டியது. அதைத் திரும்ப ஒட்டலாமா என்பதுபோலக் கழுத்தோடு வைத்துப் பார்த்தேன். மச்சாள் என்னை ஏசினாள்.

பிறகு அவன் வந்து இயந்திரத்துக்கு முன்னால் குந்தினான். கத்தரிக்கோல் கூர்மையில்லை; அறுத்து அறுத்துத்தான் வெட்ட வேண்டியிருந்தது. பின்னல் சீமெந்துத் தரையில் விழுந்தது. அவன் அதைப் பார்க்கவில்லை. கையைப் பின்னால் கொண்டுபோய்ப் பிடரியைத் தடவினான். எழும்பி, இயந்திரத்தின் வட்டக் கண்ணாடிக் கதவில் தன் முகத்தைப் பார்த்தான். உள்ளே வெள்ளைப் படுக்கை விரிப்புகள் சுழன்றுகொண்டிருந்தன, அதன்மேல் அவன் முகம். பிறந்ததிலிருந்து எங்கோ வழிதெரியாமல் நின்ற ஒருவர் தன் வீட்டு வாசலைக் கண்டால் எப்படிப் பார்ப்பாரோ, அப்படிப் பார்த்தான். மச்சாளும் நானும் கதைப்பதை நிறுத்திவிட்டோம். ஏன் நிறுத்தினோம் என்று எங்களுக்குத் தெரியாது. கோயிலில் திரை விலகும்போது யாரும் சொல்லாமலே பேச்சு நிற்குமே, அப்படி.

வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அன்று மாலை எங்கள் வீட்டு முன்னறையில் பெரியவர்கள் கூடினார்கள். மச்சாளின் தாயும் தகப்பனும், என் அம்மா, எதிர்க்கதவு அன்ரி. நாங்கள் மூவரும் சுவரோடு நிறுத்தப்பட்டோம். குற்றவாளி யார் என்பதில் எவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

"உங்கட பெட்டைதான் கெடுத்தது," என்றார் எதிர்க்கதவு அன்ரி. "என்ர பிள்ளைக்கு என்ன தெரியும்? அது வாய் பேசாத சாது. மற்றவை செய்தாத் தானும் செய்யும்."

"அதுதானே," என்றார் என் அம்மா. "தலையை வெட்டினா வால் தானா அடங்கும்."

தலை என்றது மச்சாளை. வால்கள் நாங்கள். பெரியவர்கள் நல்லவர்கள்தான், உண்மையான கவலையோடுதான் கதைத்தார்கள். ஆனால் அவர்கள் சத்தத்தை மட்டும் பார்த்தார்கள். அதிகம் சத்தம் போடுகிற பிள்ளையில்தான் விஷயம் இருக்கிறது, மௌனமாக நிற்கிற பிள்ளையில் ஒன்றும் இல்லை என்று எண்ணினார்கள். அவன் என் பக்கத்தில் சுவரோடு நின்று ஒரு கையால் பிடரியைத் தடவிக்கொண்டிருந்தான். அவ்வளவு ஏச்சுக்கு நடுவிலும் அவனுடைய உதட்டோரத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது. நான் பக்கத்தில் நின்றபடியால் கண்டேன்.

மச்சாளை மோர்னிங்சைட்டில் இருந்த அவளுடைய சித்தி வீட்டுக்கு அனுப்பினார்கள். கோடை முடியும்வரை என்றார்கள்; பிறகு அங்கேயே பள்ளிக்கூடத்திலும் சேர்த்துவிட்டார்கள். அவளும் அதிகம் கவலைப்படவில்லை. அங்கே அவளுக்குப் புதுக் கூட்டாளிகள் கிடைத்தார்கள். எல்லோரும் அலங்காரப் பிரியைகள். அடுத்த முறை தொலைபேசியில் பேசியபோது காதில் இரண்டாவது ஓட்டை போட்டதைப் பற்றியும், உதட்டுக்குப் பூசும் ஒரு நிறத்தைப் பற்றியுமே கதைத்தாள். கிரிக்கெட்டைப் பற்றி நான் கேட்டேன். "ஐயோ, அதோ," என்று சிரித்தாள்.

எனக்கும் அதிக நாள் எடுக்கவில்லை. மச்சாள் இல்லாமல் காற்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. அம்மா ஒரு பக்கக் கிளிப் வாங்கித் தந்தார். குட்டைத் தலைமயிரிலும் அது வடிவாகத்தான் இருந்தது. உடுப்புகளைக் கறுப்புப் பைக்குள் திருப்பிக் கொடுத்துவிட்டு என் பழைய உடலுக்குள் ஒரு பிரச்சினையும் இல்லாமல் வந்து சேர்ந்தேன்.

அவன் வரவில்லை.

பெரியவர்கள் காத்திருந்தார்கள். தலை போய்விட்டது, ஒரு வாலும் அடங்கிவிட்டது, மற்ற வால் எப்போது அடங்கும் என்று பார்த்தார்கள். அவனோ அதே சேர்ட்டை இரவில் தோய்த்துப் பகலில் போட்டான். முன்பு எங்களுக்குப் பின்னால் கடைசியாக நடந்தவன் இப்போது தனியே எலிவேற்றரில் இறங்கிக் கார் நிறுத்தும் இடத்துக்குப் போனான். பல்கனி வலைக்குள் நின்று நான் பார்த்தேன். பெடியன்கள் முதல் நாள் சிரித்தார்கள். ஒருவன் தொப்பியைத் தட்டி விழுத்தினான். அவன் எடுத்துத் தூசி தட்டிப் போட்டுக்கொண்டு எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று, வெளியே போன பந்துகளை எடுத்துக் கொடுத்தான். மறுநாளும் போனான். அதற்கடுத்த நாளும். ஒருநாள் ஆள் குறைந்தபோது அவனைக் கூப்பிட்டார்கள். அவன் ஓடிவந்து நின்ற விதத்தை அந்த உயரத்தில் இருந்தும் என்னால் பார்க்க முடிந்தது.  யாருடைய துணையும் இல்லாமல் ஒரு ஆள் இவ்வளவு நேராக நிற்கலாம் என்று அதுவரை எனக்குத் தெரியாது. நான் எப்போதும் யாருக்காவது பக்கத்தில் நின்றே பழகியவள்.

பள்ளிக்கூடம் தொடங்கிய கையோடு அவன் பெரியபிள்ளை ஆனான். அப்படித்தான் ஊர் வழக்கில் சொல்வார்கள். வேறு சொல் எங்களிடம் இருக்கவில்லை. எதிர்க்கதவு அன்ரி அழுதபடி வந்து என் அம்மாவிடம் சொன்னார். அந்த அழுகையில் பாதி ஆறுதல். எங்கள் தாய்மார் பெண்பிள்ளையையும் "என்ர ராசா" என்று கொஞ்சுவது உங்களுக்குத் தெரியும். அன்ரி அவனை அப்படித்தான் கூப்பிடுவார். கூப்பிட்டால் அவன் முகம் மலரும். அந்த வாரத்தில் இருந்து அன்ரி கவனமாக "ராசாத்தி" என்று மாற்றிக்கொண்டார். சாமத்தியவீட்டுச் சடங்கு செய்து சேலை கட்டிவிட்டால் எல்லாம் வழிக்கு வந்துவிடும் என்று பெரியவர்கள் முடிவுசெய்தார்கள்.

அத்தோடு என்னையும் பிடித்தார்கள். "நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து அதோட இரு," என்றார் அம்மா. "நல்ல பெட்டையளோட பழகினா நல்லதைப் பழகும்." கூடாத கூட்டு கெடுத்ததை நல்ல கூட்டு திருத்த வேண்டும் என்பது அவர்கள் திட்டம். நான் நகப்பூச்சும் வளையல் பெட்டியும் கொண்டு எதிர்க்கதவைத் தட்டினேன்.

அவன் என்மேல் கோபப்படவில்லை. நான் அனுப்பப்பட்டு வந்தவள் என்று அவனுக்குத் தெரியும். "உனக்கு ஏச்சு விழும், பூசு," என்று ஒரு கையை நீட்டினான். நான் பூசினேன். காயும்வரை இருவரும் பல்கனியில் இருந்தோம். காற்றில் குளிர் தொடங்கியிருந்தது. கீழே மரங்கள் மஞ்சளாகிக்கொண்டிருந்தன.

"உனக்கு உன்ர சாமத்தியவீட்டு அண்டைக்கு எப்பிடி இருந்தது?" என்று கேட்டான். எனக்கு முந்தின வருடம் நடந்திருந்தது.

"சந்தோசமா இருந்தது," என்றேன். அது உண்மை. "கண்ணாடியைப் பாத்துக்கொண்டே இருந்தன். அது நான்தானோ எண்டு. பிறகு, ஓம் நான்தான் எண்டு."

அவன் நகங்களை ஊதினான். "எனக்குத் தலைமயிர் வெட்டின அண்டைக்கு அப்பிடி இருந்தது," என்றான்.

வேறு ஒரு விளக்கமும் அவன் சொல்லவில்லை. எனக்கு வேறு தேவைப்படவும் இல்லை. இதைப் பற்றி இப்போது எவ்வளவோ பேர் பேசக் கேட்கிறேன். பெரிய பெரிய சொற்கள் வந்துவிட்டன. பதின்மூன்று வயதில், புறா வலைக்குப் பின்னால், எனக்கு அந்த ஒரு வசனத்தில் முழுவதும் விளங்கியது.

சாமத்தியவீட்டு நாள் வந்தது. விருந்து எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்த பொது மண்டபத்தில். முதலில் வீட்டில் தண்ணீர் வார்க்கும் சடங்கு. அதைத் தாய்மாமன்தான் தொடக்க வேண்டும். அன்ரியின் தம்பி ஒருவர் ஸ்காபரோவில் ஒரு தொழிற்சாலையில் வேலைசெய்தார். கல்யாணம் ஆகாதவர், சிரிக்கத் தெரியாதவர் என்று நாங்கள் நினைத்திருந்தவர். சடங்குக்கு வேண்டிய அறுகம்புல் எங்கே கிடைக்கும் என்று தெரியாமல், காலையில் பூங்காவில் இறங்கி ஏதோ ஒரு புல்லைப் பிடுங்கி ஈரக் கடதாசியில் சுற்றிக்கொண்டு வந்திருந்தார்.

குளியலறை சிறியது. குளிக்கும் தொட்டிக்குள் ஒரு பிளாஸ்ரிக் முக்காலி. அதில் அவனை மஞ்சள் சேலை சுற்றி இருத்தியிருந்தார்கள். நான் தட்டம் ஏந்தி நின்றேன். அன்ரி வாசலை மறித்து நின்றார். அவருக்குப் பின்னால் நடைவழி முழுவதும் பெண்கள். பட்டுச் சேலைகளின் சரசரப்பும் மல்லிகைச் சென்ற் வாசனையும் உள்ளே வந்தன. தாய்மாமன் பாலும் புல்லும் கையில் எடுத்து அவன் தலைக்கு மேலே கொண்டுபோனார்.

"மாமா," என்றான் அவன்.

"என்னம்மா?"

"இது பொம்பிளைப் பிள்ளையளுக்குச் செய்யிறதுதானே?"

"ஓம்."

"அப்ப எனக்குச் செய்யாதேங்கோ." குரல் நடுங்கியது; ஆனால் நிற்கவில்லை. "மற்றதெல்லாம் நான் பேசாமல் செய்தன். உடுக்கச் சொன்னவை, உடுத்தன். இது சாமிக்கு முன்னால செய்யிற காரியம். இதில பொய் சொல்ல எனக்குப் பயமா இருக்கு. நான் பெடியன், மாமா."

அன்ரி கதவைச் சட்டென்று சாத்தினார். உள்ளே நாங்கள் நாலு பேர் மட்டும்.

"வாயை மூடு," என்றார் மெல்லிய குரலில். "உது அவள் பழக்கின கதை. மேல்மாடிக்காரி பழக்கினது."

"அவ போய் எவ்வளவு நாள் அம்மா," என்றான் அவன். "அவ இப்ப தோடு போட்டுக்கொண்டு திரியிறா. அவ பழக்கினதெண்டா அது அவவோடயே போயிருக்குந்தானே. நான் இப்ப ஆரைப் பாத்துப் பழகிறன்? ஒருத்தரும் இல்லையே."

 எனக்கு அந்தக் கணம் இன்னும் கண்முன்னால் இருக்கிறது. மஞ்சள் சேலைக்குள் குளிரில் புல்லரித்த தோள்கள். முடிச்சவிழ்ந்து ஒட்டியும் ஒட்டாமலும் தொங்கிய பொய்ப் பின்னல். பன்னிரண்டு வயது. நாடு விட்டு நாடு வந்து, தகப்பனை இழந்து, தாயின் ஒரே பிள்ளையாக, வாசலில் ஊர் கூடி நிற்க, அந்த முக்காலியில் இருந்து தாயையும் தாய்மாமனையும் நிமிர்ந்து பார்த்து உண்மையைச் சொன்ன தைரியம் அவனுக்கு எங்கிருந்து வந்தது? எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. அப்படி ஒன்றை நான் பிறகு காணவேயில்லை.

தாய்மாமன் என் பக்கம் திரும்பினார். "பிள்ளை, நீயும் கூடத் திரிஞ்சனி. உது விளையாட்டோ?"

"இல்லை அங்கிள்," என்றேன்.  "விளையாடினது நாங்கள். இவன் விளையாடேல்லை."

'இவன்' என்ற சொல் என் வாயில் இருந்து வந்ததை நானே அப்போதுதான் கேட்டேன். அவன் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை நான் வைத்திருக்கிறேன்.

 தாய்மாமன் பால் செம்பைக் கைகழுவும் தொட்டியின் விளிம்பில் வைத்தார். புல்லையும் வைத்தார்.

"அக்கா, என்னால ஏலாது."

"உனக்கென்ன விசரே? கீழ சனம் வந்திட்டுது."

"சாப்பாடு இருக்குத்தானே. சாப்பிட்டிட்டுப் போகட்டும்."

"நாளைக்கு நான் ஆற்ர முகத்தில முழிக்கிறது?"

"எனக்கு உது ஒண்டும் விளங்கேல்லை அக்கா," என்றார். "சத்தியமா விளங்கேல்லை. ஆனாப் பிள்ளை பொய் சொல்லேல்லை. அது எனக்குத் தெரியுது." தன் மேற்சட்டையைக் கழற்றி அவன் தோளில் போட்டார்.

பிள்ளைக்குத் திடீரென்று காய்ச்சல் என்று சொல்லப்பட்டது. கீழே மண்டபத்தில் சனம் ஏதோ சந்தேகத்தோடுதான் இருந்து சாப்பிட்டது. படம் பிடிக்க வந்திருந்த வீடியோக்காரருக்கு எடுக்க வேறொன்றும் இல்லாமல் போய்விட்டது. சோடித்த வெறும் நாற்காலியைக் கொஞ்ச நேரம் எடுத்தார். பிறகு மேசை மேசையாகப் போய் வடை சாப்பிடுகிறவர்களை எடுத்தார். அந்த வீடியோக் கசற் பிறகு என்ன ஆனது என்று யாருக்கும் தெரியாது. கிடைத்தால் பார்க்க ஆசை. எங்கள் கட்டடத்துச் சனம் எல்லோரும், இன்று இல்லாதவர்களும், அதில் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

ஊர்க் கதை என்னவோ மாறவில்லை. பழி மச்சாளில்தான் விழுந்தது. அவள் மோர்னிங்சைட்டில் உதட்டுச்சாயத்தோடு திரிந்தபோதும், பிறகு கல்யாணம் செய்து பிள்ளைகள் பெற்ற பிறகும், "அவள்தான் அந்தப் பிள்ளையைக் கெடுத்தவள்" என்று என் அம்மா சாகும்வரை சொன்னார். மச்சாளுக்கு இதைக் கேட்டால் சிரிப்பு வரும். "நான் ஒருத்தரையும் மாத்தேல்லையடி. ஒரு தொப்பி குடுத்தன், அவ்வளவுதான்," என்பாள். நானோ அவளுடைய தொப்பியைப் போட்டுப் பார்த்துக் கழற்றி வைத்தவள். அவன் போட்டபோது அது அவனுக்கு அளவாக இருந்தது.

அவன் இப்போது மேற்குக் கரையில் ஒரு கல்லூரியில் படிப்பிக்கிறான். மனைவி, ஒரு நாய். வருடத்தில் இரண்டு மூன்று தடவை கதைப்போம். முன்தலை வழுக்கை விழுந்துவிட்டது. தன் வழுக்கையைப் பற்றி இவ்வளவு பெருமையாகக் குறைப்படுகிற ஒரு மனிதனை நான் கண்டதில்லை. அவன் அந்த இடத்துக்குப் போய்ச் சேர எடுத்த வருடங்கள் லேசானவை அல்ல. அது அவன் சொல்லவேண்டிய கதை. நான் கண்ணால் கண்டது அந்த ஒரு கோடையும் அதன் வாலும் மட்டும்தான். அதில் இன்னும் ஒன்று இருக்கிறது.

குளியலறையில் நடந்ததற்குப் பிறகு அன்ரி அவனோடு கதைப்பதை நிறுத்திவிட்டார். சாப்பாடு போட்டு வைப்பார், உடுப்புத் தோய்ப்பார், தலைவலிக்கு மருந்து எடுத்து வைப்பார், வாய் திறக்கமாட்டார். எங்கள் வீட்டுக்கு வருவதும் நின்றது. நடைவழியில் கண்டால் சாவியைத் தேடுகிறமாதிரிக் கைப்பைக்குள் குனிந்துகொள்வார். தாய்மாமன் மட்டும் சனிக்கிழமைகளில் வருவார்; மூன்று பேருமாக ஒன்றும் பேசாமல் தொலைக்காட்சி பார்ப்பார்கள் என்று அவன் சொன்னான்.

முதல் பனி கொட்டிய வாரம். அம்மாவும் நானும் குளிர் ஜக்கெற் வாங்க ஒரு மலிவுக் கடைக்குப் போனோம். உங்களுக்கு அந்த நாட்கள் தெரியும். கடை முழுவதும் தாய்மாரும் பிள்ளைகளும், ஈரச் சப்பாத்துகளின் மணம், தரையெல்லாம் உருகிய சேறு. பெண்பிள்ளைகளின் பக்கத்தில் நாங்கள் நின்றபோது அன்ரியும் அவனும் உள்ளே வந்தார்கள். அன்ரி வேலை முடிந்து நேரே வந்திருக்க வேண்டும். மேற்சட்டைக்குக் கீழே ஹொட்டல் சீருடை தெரிந்தது. எங்களைக் கண்டார். இம்முறை கைப்பைக்குள் குனியவில்லை.

ஊதாவும் றோசாவுமாகத் தொங்கிய வரிசையைத் தாண்டினார். நிற்காமல் நடந்து ஆண்பிள்ளைகளின் பக்கம் போனார். அவன் கடை நடுவில் அப்படியே நின்றுவிட்டான். அன்ரி திரும்பிப் பார்த்து, வா என்பதுபோலத் தலையசைத்தார். கடும் நீலத்தில் ஒன்றை இழுத்து எடுத்தார். அவனைத் திருப்பி நிறுத்தி முதுகோடு வைத்துப் பார்த்தார். தோள்மூட்டை விரலால் தடவி அளந்தார். முன்னால் திருப்பி அதைப் போட்டுவிட்டு, கையை நீட்டச் சொல்லாமல் தானே பிடித்து நீட்டி, சட்டைக் கையை இழுத்துவிட்டார். அது அவனுடைய விரல்நுனி வரை வந்தது.  அவன் கண்ணைத் தாயின் முகத்தில் இருந்து எடுக்கவில்லை.

என் அம்மா தன்னை அறியாமல் கிட்டப் போய்விட்டார். எவ்வளவு மனஸ்தாபம் இருந்தாலும் உடுப்பு அளவு என்று வந்தால் எங்கள் பெண்களால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்க முடியாது.

"அளவு பெரிசெல்லோ," என்றார்.

"பெரிசாத்தான் இருக்கோணும்," என்றார் அன்ரி. எங்களைப் பார்க்காமல், கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டே சொன்னார். "வாற வருசம் இன்னும் வளந்திடுவான்."

அம்மா என்னைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார். கையை நீட்டி அந்த ஜக்கெற்றின் துணியை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார்.

"நல்ல தடிப்பு," என்றார். "குளிர் தாங்கும்."